கதிருக்கு ஐந்தாவது வாரம் இல்லை

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது சென்னையில் எடுக்கப்பட்ட ஒரு பள்ளிக்கூடத் தொடரில் வந்த ஒரே ஒரு டிராக், அதாவது சில வாரம் ஓடி முடிகிற ஒரு கிளைக்கதை. தொடரின் பெயரையோ சேனலின் பெயரையோ எழுதப் போவதில்லை. சொன்னால் பேச்சு ஆட்கள் பக்கம் திரும்பிவிடும், வேலை நடக்கும் விதம் தப்பித்துக்கொள்ளும். அந்தத் தொடரில் நான் வசனக் குழுவில் இருந்தேன். ஒன்லைன் எனப்படும் கதைச்சுருக்கம், அடுத்தடுத்து மாறிய திரைக்கதை, எடிட்டில் போன காட்சிகளின் பட்டியல் எல்லாம் கைவசம் இருக்கின்றன. பாத்திரத்துக்கு மட்டும் ஒரு பெயர் வேண்டும். கதிர் என்று வைத்துக்கொள்வோம்.

கதிர் பதினொன்றாம் வகுப்பு. பெரம்பூரில் வீடு. அப்பாவுக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை, அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். பிறந்தபோது பெண் குழந்தை என்று பதிந்தார்கள். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இன்னும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. அவனுக்கோ விவரம் தெரிந்த நாளிலிருந்து தான் பையன் என்பதில் சந்தேகமே வந்ததில்லை. திருநம்பி. தொடரில் அவன் நான்கு வாரம் வந்தான். நான்காவது வாரக் கடைசியில், கோயம்புத்தூரில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கப் போய்விட்டான். அதற்கப்புறம் தொடர் ஓடிய காலம் முழுக்க அவன் பேச்சை யாரும் எடுக்கவில்லை, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பன்கூட.

இளைஞர் தொடர்கள் பாலின அடையாளம், சாதி, தற்கொலை போன்றவற்றைத் தொட்டாலே சொதப்புகின்றன என்று எல்லோரும் சொல்கிறோம். ஏன் என்று கேட்டால், 'விஷயம் தெரியாமல் எடுக்கிறார்கள்' என்பதுதான் வழக்கமான பதில். கதிரின் டிராக்கை முதலிலிருந்து திரும்பப் படித்ததில் எனக்குப் பட்டது வேறு. விஷயம் தெரிந்த ஆள் அந்த அறையிலேயே இருந்தார். முதல் வாரம் ஏறக்குறைய சரியாகவே வந்தது. பிரச்சினையை வெளியே கொண்டுவந்த பிறகு அந்தப் பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாததால் அவனைச் சீக்கிரம் முடிக்க வேண்டியதாயிற்று. சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்ததால் முன்னால் வந்த காட்சிகளும் அதற்கேற்ப வளைந்தன.

டிராக் எப்படி ஓடுகிறது

சீரியல் வேலை பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சேனலின் கிரியேட்டிவ் டீம் முதலில் ஒன்லைனை ஓகே செய்யும். திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர், எபிசோட் இயக்குநர் மூன்றாமவர். வாரத்துக்கு ஐந்து எபிசோட். அரை மணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவதுதான் கதை. வியாழக்கிழமை ரேட்டிங் வரும். அன்று மதியத்துக்கு மேல் கதை பேச யாருக்கும் மனசு இருக்காது, எண்தான் பேசும்.

டிராக் என்பது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு தொல்லை. அவ்வளவுதான். முக்கியப் பாத்திரங்களுக்கு முறை வைத்து ஆளுக்கொன்று வரும். நாயகிக்கு டெங்கு வந்து குணமானால் அடுத்த வாரம் கேன்டீனில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு யாரையாவது கலாய்த்துக்கொண்டிருப்பாள். டிராக் முடிந்தாலும் அவளுக்கு இருக்க ஓர் இடம் உண்டு. கதிர் மாதிரி ஒருவன் டிராக்குக்காகவே கொண்டுவரப்படுகிறவன். அவனுக்குக் காதல் எழுதவில்லை, எந்தப் பாடத்தில் வீக் என்று எழுதவில்லை, யாரோடு சண்டை, எந்த நடிகரைப் பிடிக்கும், ஒன்றுமே எழுதவில்லை. ஒன்லைனில் அவன் பெயருக்கு நேரே இருந்தது அவன் பிரச்சினை மட்டும்தான். பிரச்சினை தீர்ந்ததும் எபிசோட் இயக்குநர் கேட்ட கேள்வி ரொம்ப நியாயமானது: "இவன் இனிமே கிளாஸ்ல உட்கார்ந்து என்ன பண்ணுவான்?"

தமிழில் பள்ளிக்கூடத் தொடர் புதிது கிடையாது. 2006இல் விஜய் டிவியில் தொடங்கிய 'கனா காணும் காலங்கள்' பார்த்து வளர்ந்தவர்கள் இன்று சேனல்களில் வேலை செய்கிறார்கள். 2022இல் அதே பெயரில் ஹாட்ஸ்டாரில் மறுபடியும் ஒன்று வந்தது. பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கதிர் டிராக் பற்றிப் பேசும்போதெல்லாம் சேனல் தரப்பில் வந்த வாதம், நம் ஆடியன்ஸ் இதற்கெல்லாம் இன்னும் தயாராகவில்லை என்பது. 2008இலேயே விஜய் டிவியில் ரோஸ் என்ற திருநங்கை 'இப்படிக்கு ரோஸ்' என்று ஒரு பேச்சு நிகழ்ச்சியை நடத்தினார். அதில் அவர் தன் கதையைச் சொல்லி அழுகிற விருந்தாளி இல்லை. கேள்வி கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பதில் சொல்கிறவர்கள் எதிரில் இருந்தார்கள். தமிழ்நாட்டு வீடுகளின் வரவேற்பறையில் அது ஓடியது. ஆடியன்ஸ் எப்போது தயாரானது, எப்போது பின்வாங்கியது என்று யாராவது எனக்குச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அளவு டேப்பும் மழையும்

திரைக்கதை எழுதியவர் வியாசர்பாடியில் வளர்ந்த ஓர் இளம்பெண். உதவி எழுத்தாளராக இருந்து அந்தத் தொடரில்தான் முதல்முறையாகத் தனியாக டிராக் எழுதினார். எழுதும் முன்பே இரண்டு மூன்று திருநம்பிகளோடு உட்கார்ந்து பேசியிருந்தார். அந்த உழைப்பு முதல் டிராஃப்டில் தெரிந்தது.

காலை அட்டெண்டன்ஸ். மிஸ் ரெஜிஸ்டரில் உள்ள பெயரைக் கூப்பிடுகிறார். கதிர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிடுகிறார். பக்கத்துப் பையன் முழங்கையால் இடிக்கிறான். கதிர் பாதி எழுந்து, "யெஸ் மிஸ்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு உட்காருகிறான். மிஸ் தலை நிமிரவே இல்லை, அடுத்த பெயருக்குப் போய்விட்டார். இது எடுக்கப்பட்டது, ஒளிபரப்பும் ஆனது. அடுத்த காட்சி எடுக்கப்பட்டும் எடிட்டில் போயிற்று: பி.டி. பீரியட் முடிந்து வேர்க்க விறுவிறுக்க எல்லோரும் தண்ணீர் குடிக்கிறார்கள். நண்பன் பாட்டிலை நீட்டுகிறான். "வேணாம்டா" என்கிறான் கதிர். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை பாத்ரூம் போகாமல் தாங்க வேண்டும், அதனால் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. இதை யாரும் வசனத்தில் சொல்வதில்லை. மூன்று காட்சி தள்ளி, கேர்ள்ஸ் டாய்லெட் வாசலில் ஒரு விநாடி நின்று திரும்புவான். பார்க்கிறவர்கள் சேர்த்துப் புரிந்துகொள்வார்கள். 'சீன்ல ஒண்ணும் நடக்கலையே' என்று தூக்கிவிட்டார்கள். அந்த டிராக்கிலேயே அதிகம் நடந்த காட்சி அதுதான் என்பேன்.

மூன்றாவது வாரம் வீட்டுக்குத் தெரிய வேண்டும். முதல் டிராஃப்டில் அது இப்படி இருந்தது. அத்தை மகள் கல்யாணம் வருகிறது, அம்மா அவனுக்குச் சுடிதார் தைக்க அளவெடுக்கிறாள். நெஞ்சை இறுக்கிக் கட்டியிருக்கிறான், அது அம்மாவின் கைக்குத் தட்டுப்படுகிறது. கை ஒரு நொடி நிற்கிறது. டேப்பை உருவிக்கொள்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. அளவு நோட்டில் எண்ணை எழுதுகிறாள், நோட்டை மூடுகிறாள், "சாப்பிட வா" என்கிறாள். கல்யாணத்தன்று காலை கட்டில்மேல் அவனுக்காக மடித்து வைத்திருப்பது சுடிதாரா சட்டையா என்பது அந்த வாரத்தின் ஹூக், அடுத்த வாரம் வரை ஆளை இழுத்து வைக்கிற முடிச்சு.

எனக்குத் தெரிந்து அந்தத் தொடருக்காக எழுதப்பட்ட காட்சிகளில் சிறந்தது அது. சேனல் மீட்டிங்கில் படித்துக் காட்டியபோது கிரியேட்டிவ் ஹெட் சொன்னார், "அம்மா ரியாக்டே பண்ணலையேம்மா."

"அதுதான் சார் ரியாக்‌ஷன்."

"அது எனக்கும் உனக்கும் புரியும். சமைச்சுக்கிட்டே பார்க்கிறவங்களுக்கு?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. சீரியல் பாதி காதால் பார்க்கப்படுவது. குக்கர் விசில் நடுவே புரிய வேண்டும் என்பதால்தான் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறோம், மூன்று முறை காட்டுகிறோம். ஆனால் சமைத்துக்கொண்டே பார்க்கிற அம்மாவுக்குத் தையல் டேப் தெரியும். மகளின் அளவை நோட்டில் எழுதிய கை தெரியும். அந்தக் காட்சி அவருக்குப் புரியாது என்று முடிவு செய்தது அவர் இல்லாத ஓர் அறையில்.

கடைசியில் வந்தது மழை. பூந்தமல்லி பக்கம் வாடகைக்குப் பிடித்த கட்டடத்தின் வாசலில் டேங்கர் லாரி வைத்துத் தண்ணீர் அடித்தார்கள். கதிர் நனைந்துகொண்டே, தான் யார் என்பதை ஒன்றரைப் பக்கத்துக்குச் சொல்கிறான். அம்மா பளார் என்று அறைகிறாள். அறை மூன்று கோணத்தில், ஒவ்வொன்றும் ஸ்லோமோஷனில். சுற்றி நிற்கும் ஏழு பேருக்கும் தனித்தனி ரியாக்‌ஷன் ஷாட். வயலின். அந்த எபிசோடில் கதை நகர்ந்தது அந்த ஒரு அறை மட்டும்தான்.

எடுத்து முடித்து எடிட்டும் ஆன பிறகு, ஒரு திருநம்பியை ஸ்பாட்டுக்கு அழைத்தார்கள், புரோமோவுக்கு ஒரு சிறப்புப் பேட்டி வேண்டும் என்று. சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். மானிட்டரில் மழைக் காட்சியைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார்: "எங்க அம்மா அடிக்கல சார். ரொம்ப நாள் பேசாம, சோறு மட்டும் வெச்சிட்டுப் போயிடுவாங்க." எல்லோரும் தலையாட்டினோம். அதை வைத்துச் செய்வதற்கு அப்போது ஒன்றும் மிச்சமில்லை. ஆலோசனை என்பது எந்த நாளில் கேட்கப்படுகிறது என்பதுதான் எல்லாம். ஒன்லைனுக்கு முன்னால் கேட்டால் அது கதை, எடிட்டுக்குப் பின்னால் கேட்டால் சால்வை.

வெள்ளிக்கிழமை ஹூக்

வாரக் கடைசி எபிசோடை எங்கே நிறுத்துவது? கதிர் வீட்டில் இல்லை, மேசைமேல் ஒரு கடிதம். சனி, ஞாயிறு முழுக்கப் புரோமோவில் அந்தக் கடிதம்தான். பையன் உயிரோடு இருக்கிறானா? திங்கட்கிழமை பார்த்தால் ரயில் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், நண்பர்கள் கண்டுபிடித்துக் கூட்டி வருவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பது தயாரிப்புத் தரப்பின் வாதம்.

இதில் உலகமே பேசிய முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. 2017 மார்ச் 31 அன்று நெட்ஃபிளிக்ஸில் '13 ரீசன்ஸ் வை' வெளியானது. தற்கொலை செய்துகொண்ட ஒரு பள்ளி மாணவி, தன் சாவுக்குக் காரணமானவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கேசட் பதிவை விட்டுச் செல்கிறாள் என்பது கதை. முதல் சீசன் கடைசி எபிசோடில் அந்தச் சாவைக் கிட்டத்தட்ட மூன்று நிமிடத்துக்கு விரிவாகக் காட்டினார்கள். வலியை மறைக்கக் கூடாது, அப்போதுதான் யாரும் அந்த வழிக்குப் போக மாட்டார்கள் என்பது எடுத்தவர்களின் நம்பிக்கை. மனநல வல்லுநர்கள் வெளியான உடனேயே எதிர்த்தார்கள். 2019 ஏப்ரலில் வந்த ஓர் ஆய்வு, தொடர் வெளியான அடுத்த மாதத்தில் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களின் தற்கொலை விகிதம் 28.9 சதவீதம் கூடியிருந்தது என்றது. அதே தரவை வேறு முறையில் பார்த்தவர்கள் அந்தக் கணக்கைக் கேள்வி கேட்டார்கள். தொடரால்தான் கூடியது என்று அந்த ஆய்வும் அடித்துச் சொல்லவில்லை. எப்படியோ, 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸே அந்தக் காட்சியை வெட்டி எடுத்தது, இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு.

வெட்டிய காட்சியைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது கதையின் அமைப்பு. செத்த பெண்ணின் குரல் எபிசோடுக்கு எபிசோட் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவள் சொன்ன ஒவ்வொன்றும் நடக்கிறது, குற்றவாளிகள் துடிக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அவளை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை, செத்த பிறகு ஊரே கேட்கிறது. துவண்டு போயிருக்கும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு என்ன சொல்லிக்கொடுக்கும்?

அதே 2019இல் உலக சுகாதார நிறுவனம், திரையிலும் மேடையிலும் வேலை செய்கிறவர்களுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. முறையைக் காட்டாதே, ஒற்றைக் காரணத்தில் அடைக்காதே, உதவி தேடி மீண்டு வந்தவர்களைக் காட்டு, எழுதும்போதே வல்லுநரைக் கேள் என்பவைதான் அதன் சாரம். பத்திரிகைகளுக்கு இந்தியப் பத்திரிகை மன்றமும் அதே வருஷம் வழிகாட்டுதல் தந்தது. சென்னையில் சினேகா அமைப்பு 1986இலிருந்து தற்கொலைத் தடுப்பு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஆட்டோ பிடித்தால் போய்ச் சேரும் தூரத்தில் வல்லுநர்கள் இருந்தார்கள், கேட்கப் போகவில்லை. எபிசோட் முடிவில் 104, 14416 என்ற உதவி எண்கள் மட்டும் அடியில் சின்ன எழுத்தில் ஓடி மறைந்தன. கதைக்குள்ளே ஒரு நண்பன் அந்த எண்ணை அழைத்து, மறுமுனையில் ஒருவர் எடுத்து, அந்தப் பேச்சு எப்படிப் போகிறது என்று காட்டியிருந்தால் அது ஒரு முழு எபிசோடுக்கே தாங்கும். எனக்குத் தெரிந்து எந்தத் தொடரிலும் அப்படி ஒரு போன் பேச்சை நான் பார்த்ததில்லை.

டொராண்டோவில் ஆடம்

சரி, நம் ஊரில் பட்ஜெட் இல்லை, நேரம் இல்லை, ரேட்டிங் கழுத்தைப் பிடிக்கிறது. இதெல்லாம் இல்லாத இடத்தில்?

கனடாவின் 'டெக்ராஸி' இந்த வகைத் தொடர்களுக்கெல்லாம் தாத்தா. 1979இலேயே தொடங்கிய குடும்பம். 2001இலிருந்து புதிய தலைமுறை. 2010இல் அதில் ஆடம் என்ற திருநம்பி மாணவன் வந்தான். அவனை மையமாக வைத்த இரண்டு பகுதி எபிசோடுக்கு ஒலிபரப்புத் துறையின் பெரிய கௌரவமான பீபாடி விருது கிடைத்தது. நடித்தவர் பெண் என்ற குறை அப்போதே பேசப்பட்டது. ஆனாலும் ஆடமுக்கு எங்கள் கதிருக்குக் கிடைக்காதவை கிடைத்தன: நண்பர் கூட்டம், காதல், அந்தக் காதலியின் மதப்பிடிப்புள்ள குடும்பத்தோடு உரசல், சும்மா பொழுது போக்குகிற காட்சிகள். மூன்று வருஷம் இருந்தான்.

2013இல் கொன்றுவிட்டார்கள். கார் ஓட்டிக்கொண்டே போனில் மெசேஜ் அனுப்பி விபத்து. வாகனம் ஓட்டும்போது போனைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சாவு தேவைப்பட்டது, ஆடமைக் கொடுத்தார்கள். ஒரு பிரச்சினைக்காக உருவாக்கிய பையனை இன்னொரு பிரச்சினைக்காகச் செலவழித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அத்தனை பெரிய பள்ளிக்கூடத்தில் விபத்தில் சாக வேறு ஆளா இல்லை? அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் திருநம்பிப் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைத்தால் ரசிகர்களின் கோபம் புரியும். எடுத்தவர்கள் வெறுப்பில் செய்யவில்லை. விருது வாங்கிய டிராக் முடிந்துவிட்டது, அவனுக்கென்று புதிதாக எதுவும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் கோயம்புத்தூர், அவர்கள் ஊரில் கார்.

இன்னொரு வகையும் உண்டு. அமெரிக்காவின் 'ப்ரிட்டி லிட்டில் லையர்ஸ்' வருஷக்கணக்காக ஒரு மர்மத்தை இழுத்தது: நாயகிகளை மிரட்டுகிற அந்த முகம் தெரியாத ஆள் யார்? 2015 ஆகஸ்டில் விடை சொன்னார்கள்: ஒரு திருநங்கை. அடையாளம் அங்கே கதையின் முடிச்சை அவிழ்க்கிற சாவியாகப் பயன்பட்டது. இதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. பழைய தமிழ்ப் படங்களில் கிண்டலுக்கு இழுத்து வந்தார்கள், இங்கே திகிலுக்கு.

கையில் கட்டிய கயிறு

கதிருக்காவது நான்கு வாரம் கிடைத்தது. அதே தொடரில் சாதியைப் பற்றி ஒரு டிராக் ஒன்லைனிலேயே உருமாறியது. நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகளைக் குடியேற்றிய பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பையன். விடுமுறைக்குத் தெற்கே சொந்த ஊருக்குப் போய்வந்த வகுப்புத் தோழன் கையில் புதிதாக ஒரு கலர் கயிறு. இரண்டு பேரும் அதுவரை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். கதை அங்கிருந்து தொடங்க வேண்டும். சேனல் சொன்னது: கயிறு வேண்டாம், ஏழை பணக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியில் வந்த எபிசோடில் பணக்கார நண்பன் ஏழை நண்பனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கயிறு யாருடைய கற்பனையும் இல்லை. மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2019இலேயே பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போனது; அரசியல் எதிர்ப்பு வந்ததும் அது அடங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, நெற்றி அடையாளம் ஆகியவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்குவது எல்லாம் அதில் இருந்தன. அரசு அறிக்கையில் அச்சாகிவிட்ட விஷயம் பள்ளிக்கூடத் தொடரின் ஒன்லைனில் நிற்கவில்லை.

சென்னையில் அதெல்லாம் இல்லை சார் என்பார்கள். சென்னையில் நேராகக் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். எந்த ஏரியா? சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? வீட்ல நான்வெஜ் செய்வீங்களா? வாடகைக்கு வீடு தேடிய யாருக்கும் இந்தக் கேள்வித்தாள் மனப்பாடம். இதை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை தோழியின் வீட்டுச் சமையலறை வாசலில் முதல்முறை எதிர்கொள்வதாக எழுதினால் சாதிப் பெயர் ஒன்றைக்கூடச் சொல்லத் தேவையில்லை, வழக்குப் பயமும் இல்லை. அதையும் எழுதிப் பார்த்தோம். ஷூதான் ஜெயித்தது. ஷூவில் ஒரு வசதி: கொடுத்தால் பிரச்சினை முடிந்துவிடும். சாதிக்கு அப்படி ஒரு கடைசி எபிசோட் எழுத முடியாது என்பதால்தான் ஏழ்மையாக மாற்றினார்கள் என்று நினைக்கிறேன்.

உயர் நீதிமன்றத்தில் நடந்தது

தெரியாத விஷயத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு இதே ஊரில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள், வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்தார்கள். மகள்களைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் போட்ட வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது. இந்த விஷயம் தனக்கு முழுதாகப் பிடிபடவில்லை என்பதை அவர் உத்தரவிலேயே எழுதினார். உளவியல் வல்லுநர் ஒருவரோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டு வருகிறேன் என்று அவகாசம் எடுத்துக்கொண்டார், போய்க் கற்றுக்கொண்டும் வந்தார். 2021 ஜூன் 7 உத்தரவில் காவல்துறைத் தொல்லையிலிருந்து பாதுகாப்பு, 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று செய்யப்படும் சிகிச்சைக்குத் தடை எல்லாம் வந்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. இரண்டு பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்ததோடு அவர் வழக்கை மூடவில்லை. வாய்தா வாய்தாவாக உயிரோடு வைத்திருந்தார். காவலர்களுக்கு என்ன பயிற்சி, மருத்துவப் பாடப் புத்தகத்தில் என்ன தப்பு, பத்திரிகைகள் இவர்களை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் போனது. 2022 ஆகஸ்டில் மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டதும் அதன் தொடர்ச்சிதான். ஒரு திரைக்கதை எழுத்தாளர் இதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால், ஜூன் 7 உத்தரவு வாசித்த காட்சியோடு இசையைப் போட்டு முடித்திருப்பார்கள். மிச்சமெல்லாம் பேப்பர் வேலை, ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள்.

நான்காவது வாரம்

கதிர் ஏன் போனான் என்பதற்கு ஆவணங்களில் இருக்கும் காரணங்கள் ரொம்பச் சாதாரணமானவை. அவனாக நடித்த பெண்ணுக்குப் பிரைம் டைம் சீரியல் ஒன்றில் வாய்ப்பு வந்து கால்ஷீட் இடித்தது. ஆண்டு விழா டிராக்குக்கு ஸ்பான்சர் தயாராகக் காத்திருந்தார். மழை வாரத்தில் ரேட்டிங் ஏறியது, மறுவாரம் பழைய இடத்துக்கு வந்தது. டிராக் ஆறிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். நான்காவது வாரத்தில் பிரின்சிபால் அசெம்பிளியில் பேசினார். எல்லோரும் சமம், யாரையும் ஒதுக்கக் கூடாது, கைதட்டல். அந்தப் பேச்சு முடிந்த இரண்டாவது எபிசோடில் கதிரை ஊரை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஒதுக்கக் கூடாது என்ற பேச்சுக்கும் ஒதுக்கியதற்கும் நடுவே ஒரு நாள்தான் இடைவெளி என்பது எடிட்டிங் டேபிளில்கூட யாருக்கும் தட்டவில்லை.

கொளத்தூரில் என் அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு, தொடரை விடாமல் பார்ப்பவள். மழைக் காட்சி பற்றியோ பிரின்சிபால் பேச்சு பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை. "மாமா, அவனுக்கு அந்த ஸ்கூல்ல பேண்ட் போட விட்டாங்களா இல்லையா?" என்றுதான் கேட்டாள். யூனிஃபார்ம் கேள்வி முதல் வாரத்தில் எழுந்தது, தொடர் அதற்குப் பதில் சொல்லவே இல்லை. அட்டெண்டன்ஸில் எந்தப் பெயர், எந்த டாய்லெட், பப்ளிக் எக்ஸாம் ஹால் டிக்கெட்டில் என்ன இருக்கும், டி.சி.யில் என்ன எழுதுவார்கள்? இதெல்லாம் எழுதியிருந்தால் கதிருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கதை இருந்திருக்கும், யாரும் அவனை அறைய வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: இந்த அளவுக்காவது காட்டினார்களே, எங்கேயோ ஒரு ஊரில் ஒரு பிள்ளை பார்த்துத் தைரியம் அடைந்திருக்கலாமே? அடைந்திருக்கலாம்தான். முதல் வாரத்தின் அட்டெண்டன்ஸ் காட்சி அதைச் செய்திருக்கும் என்று நானும் நம்புகிறேன். அதே பிள்ளை நான்காவது வாரத்தையும் பார்த்திருக்கும். வெளியே சொன்னால் மழை, அறை, காணாமல் போவது, கைதட்டல், அப்புறம் வேறு ஊர் என்ற வரிசையும் அதற்குப் பாடமாகியிருக்கும்.

அந்தத் திரைக்கதை எழுத்தாளர் இப்போது வேறு ஒரு தொடருக்குத் தலைமை எழுத்தாளர். அதிலும் ஒரு திருநம்பி மாணவன் இருக்கிறான். இந்த முறை அவர் முதலில் எழுதியது பன்னிரண்டாவது வாரத்தை: அடையாளப் பேச்சு எல்லாம் ஓய்ந்த பிறகு, வேறு யாரோ ஒருவரின் டிராக் ஓடிக்கொண்டிருக்கும்போது, இவன் அந்த வகுப்பில் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று. அதை எழுத முடியாவிட்டால் முதல் வாரத்தைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறார். பன்னிரண்டாவது வாரத்தில் அவன் அக்கவுண்டன்சியில் ஃபெயில். பிராக்ரஸ் கார்டில் கையெழுத்துப் போட உட்கார்ந்த அப்பா, "முப்பத்தொரு மார்க் வாங்கின பையனுக்கு பைக் ஒரு கேடா?" என்று கத்துகிறார்.

சேனலில் புரோமோவுக்கு ஒரு காட்சி கேட்டார்கள். இதைத்தான் அனுப்பியிருக்கிறார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை ரேட்டிங் வந்த பிறகு பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது.